இடதோரத்து முள்

கள்ளக்குறிச்சியில் பைரோஸின் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஒரு பழைய கேமரா இருந்தது. அதில் மூன்று இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். ஒன்று விரலால் உருட்டும் சின்னச் சக்கரத்தின் மேல். இன்னொன்று ஐ.எஸ்.ஓ. பொத்தானின் மேல். மூன்றாவது, தலையில் இருக்கும் வட்ட டயலைச் சுற்றி. டயல் தேய்ந்துபோய்த் தானாக நழுவ ஆரம்பித்ததும் பைரோஸ் அதை எம் என்ற எழுத்தில் நிறுத்தி, பசை ஊற்றி, அதற்கு மேல் டேப்பையும் சுற்றிவிட்டான். எண்களைக் கேமராவே பார்த்து வைத்துக்கொள்ளும் ஆட்டோ முறை அதோடு அடைபட்டுப்போயிற்று.

அவன் மனைவி ரிஹானா ஏழு வருஷமாக அந்தக் கேமராவில்தான் எடுக்கிறாள். வருகிறவரை ஸ்டூலில் உட்கார வைப்பாள். "காது ரெண்டும் தெரியணும். மோவாய கொஞ்சம் இறக்குங்க." இரண்டு பக்கமும் குடை விளக்குகள் ஒருமுறை மின்னலாக வெட்டும். கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் சொருகுவாள். படம் எப்போதும் சரியாகவே இருக்கும். பின்பக்கத் திரையில் படம் தெரிவதைக்கூட பேட்டரி மிச்சமாகட்டும் என்று பைரோஸ் நிறுத்தி வைத்திருந்தான்.

கேமராவில் கண்ணை வைத்தால் படத்துக்குக் கீழே மூன்று எண்கள் தெரியும். 125, 8, 100. கடையின் கதவு எண்ணைப் போல அவை அவளுக்குப் பழகியிருந்தன. பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோல் உண்டு. நடுவில் சைபர். அதில் ஒரு முள், எப்போது பார்த்தாலும் இடதோரத்தில் ஒட்டிக்கொண்டு துடிக்கும். ஜெராக்ஸ் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் ஒழுங்கு என்று அர்த்தம். முள் இடதோரத்தில் துடிப்பதையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மாள் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரில், சாமை அரைத்துப் பொட்டலம் போடும் பெண்கள் குழுவுக்கு அவள் தலைவி. ஐம்பது வயதிருக்கும். ஆதார் நகல்களை எண்ணி வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"இன்னும் மூணு மாசத்துல சென்னையில சந்தை போடறாங்கம்மா. எங்க சாமைக்கும் ஒரு கடை குடுத்துக்கீறாங்க. ஆளுக்கு ஒரு அடையாள அட்டை வேணும், அதுக்கு போட்டோ. அப்பறம் இருவத்திரண்டு பேரும் சேந்தாப்புல ஒரு படம், பேனர் அடிக்க. செல்லுல எடுத்து அனுப்புனோம். பெருசாக்குனா புள்ளி புள்ளியா போவுதுன்னு திருப்பிட்டாங்க. கேமராவுல எடுத்ததுதான் வேணுமாம்."

"எப்ப வேணும்க்கா?"

"வெள்ளிக்கெழம சாயந்தரத்துக்குள்ள அனுப்பணும். ஆனா வியாழக்கெழம மதியம் ஒம்போது பேரு மொளகு பறிக்க குடகுக்குப் போறாங்க. பன்னெண்டர பஸ்ஸு. அதுக்குள்ள எடுத்தாதான் உண்டு. போனா ரெண்டு மாசம் ஆவும் வர்றதுக்கு."

வியாழக்கிழமை பைரோஸுக்குக் களமருதூரில் கல்யாணம். புதன் மாலையே போனால் வெள்ளி மதியம்தான் திரும்புவான். புதுக் கேமராவையும் குடை விளக்குகளையும் கொண்டுபோவான். அதைத்தான் ரிஹானா சொல்லியிருக்க வேண்டும்.

"போன தபா ஒரு தம்பி வந்து எடுத்துச்சு," என்றாள் பச்சையம்மாள். "எங்காளுங்க எல்லாம் தரையப் பாத்துக்கினு நின்னுட்டாங்க. பொம்பள எடுத்தா நிமுந்து பாப்பாளுங்க. நீ வாயேன்."

ரிஹானா ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கடைக்கு வெளியே ஒரு படம்கூட அவள் எடுத்ததில்லை. பைரோஸ் கூப்பிட்டதும் இல்லை, போகாதே என்று சொன்னதும் இல்லை. சொல்லாத ஒன்றை ஏழு வருஷமாக இரண்டு பேரும் கடைப்பிடித்து வந்தார்கள்.

"வரேங்க்கா," என்றாள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது சொல்லலாம் என்று இருந்தாள். செவ்வாய்க்கிழமையும் இருந்தாள். "நீ இன்னாத்துக்கு? உனக்கு இன்னா தெரியும்?" என்று அவன் திட்டமாட்டான். சிரிப்பான். பிறகு யாரோ தெரிந்த பையனை அனுப்புகிறேன் என்பான். புதன் மாலை அவன் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போய், வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

வியாழன் காலை கச்சிராயபாளையம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினாள். மடியில் பழைய கேமரா. பையில் ஸ்டூடியோவின் வெள்ளைத் துணி. கிளம்பும் முன் டேப் மூன்றும் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். எண்கள் மாறாத வரைக்கும் பயமில்லை என்பது அவள் கணக்கு.

ஊரை அடையும்போது ஒன்பதரை ஆகியிருந்தது. அரவை மெஷின் வைத்த தகர ஷெட்டுக்கு முன்னால் இருபத்திரண்டு பேரும் ஒரே நிறச் சேலையில் நின்றார்கள். பச்சைச் சேலை, மஞ்சள் கரை. குடகுக்குப் போகிற ஒன்பது பேரின் மூட்டைகள் ரோட்டோரம் வரிசையாக இருந்தன.

"வந்துட்டாங்கடி ஸ்டூடியோக்காரம்மா," என்றாள் ஒருத்தி. அமிர்தம் என்று பேர். போகிற ஒன்பது பேரில் ஒருத்தி. வாய் ஓயாத ஆள் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. "ஏம்மா, மொளகுத் தோட்டத்துல ஏணி மேல நிக்கறதுக்கு முந்தி என்ன நல்லா ஒருதபா எடுத்துடு. விழுந்து கிழுந்து வெச்சா மாலை போடவாவது ஆவும்."

"வாய கழுவுடி," என்றாள் பச்சையம்மாள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரிஹானா கேமராவைக் கண்ணில் வைத்துப் பெண்களைப் பார்த்தாள். முள் வலதோரத்தில் போய் நின்று துடித்தது.

கேமராவை இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். வலதோரம்தான். ஏழு வருஷத்தில் அந்த முள் அந்தப் பக்கம் போய் அவள் பார்த்ததில்லை. பஸ்ஸில் குலுங்கி ஏதாவது ஆகிவிட்டதா? கேமராவோடு மெல்லத் திரும்பினாள். ஷெட்டின் கதவுப் பக்கம் வந்ததும் முள் அசைந்தது. இன்னும் உள்ளே திருப்பினாள். அரவை மெஷின், சாக்குகள், ஒற்றை ஜன்னல். முள் இடதோரத்துக்கு வந்து வழக்கம்போலத் துடித்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

"உள்ள வெச்சி எடுத்துக்கலாங்க்கா. வெளியில வெளிச்சம் சரியில்ல."

"வெளியிலயா சரியில்ல?" என்று அமிர்தம் ஆகாயத்தைப் பார்த்தாள். ஆனால் யாரும் மறுக்கவில்லை. கேமரா வைத்திருப்பவளுக்குத் தெரியாததா?

உள்ளே சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். சாமை மூட்டை மேல் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தாள். "காது ரெண்டும் தெரியணும். மோவாய இறக்குங்க." டக். "அடுத்தவங்க வாங்க." டக். விளக்கு வெட்டாமல் அந்தச் சத்தம் மட்டும் வந்தது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் முள் இடதோரத்தில் இருந்தது. எண்கள் 125, 8, 100 என்றே இருந்தன. நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று பச்சையம்மாள் சொன்னது உண்மைதான். எல்லோரும் நேராகக் கண்ணுக்குள் பார்த்தார்கள். இருபத்திரண்டாவது ஆளாக அமிர்தம் உட்கார்ந்து, எழுந்து, நேரே கேமராவிடம் வந்தாள்.

"காட்டு. என் மூஞ்ச நான் பாக்க வாணாமா?"

"கம்ப்யூட்டர்ல போட்டாதாங்க்கா தெரியும்."

"எங்க வூட்டுக்காரரு செல்லுலயே தெரியுது. இதுல தெரியாதா?"

ரிஹானா பின்பக்கம் அம்புக்குறி போட்ட பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. அதில் ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால், சாம்பல் படிந்த துணி ஒன்று தொங்குவதுபோல் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஆள் உருவத்தில் ஒரு கறுப்பு.

"இன்னாம்மா இது, கரண்ட் போன வூடு மாதிரி கீது!" அமிர்தம் கையைத் தட்டிச் சிரித்தாள். இன்னும் நான்கைந்து பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ரிஹானா அடுத்த படத்துக்குப் போனாள். கறுப்பு. அதற்கு முந்தியது. கறுப்பு. இருபத்திரண்டு பேரும் அந்த இருட்டுக்குள் காது தெரிய உட்கார்ந்திருந்தார்கள்.

ரிஹானாவின் முகத்தைப் பார்த்து முதலில் சிரிப்பை நிறுத்தியவளும் அமிர்தம்தான்.

"மணி இன்னா?" என்றாள் பச்சையம்மாள், யாரையும் பார்க்காமல்.

"பத்தே முக்கா."

ரிஹானா செல்லை எடுத்தாள். டவர் இல்லை. இருந்திருந்தாலும் கல்யாண மண்டபத்தில் பைரோஸ் எடுக்கமாட்டான். ஷெட்டின் வாசல்படியில் உட்கார்ந்தாள். பெண்கள் அவளை விட்டு விலகி நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கீழே போய் வேறு ஆளைக் கூட்டி வருவது நடக்காது. இந்த ஒன்பது பேர் இல்லாமல் படம் எடுத்தால் ஒன்பது பேருக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாதவர்களுக்குக் கடையில் இடமில்லை. குடகில் இருந்து திரும்பி நேரே சந்தைக்குப் போகலாம் என்று நம்பிக்கொண்டு அவர்கள் மூட்டை கட்டியிருந்தார்கள்.

மடியில் கேமரா இருந்தது. கட்டைவிரல் நகம் சக்கரத்து டேப்பின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ஓரம் எழும்பியது. பிடித்து இழுத்தாள். பழைய பசை நூல் நூலாக வந்தது.

உள்ளே போய், "பச்சையம்மாக்கா, கொஞ்சம் உக்காருங்க," என்றாள்.

சக்கரத்தை ஒரு பல் அளவு உருட்டினாள். 125 என்பது 100 ஆனது. எடுத்தாள். திரையில் பார்த்தாள். இருட்டு. இன்னும் உருட்டினாள். 60. 30. 15. ஒவ்வொரு தடவையும் பச்சையம்மாளின் உருவம் புகையில் இருந்து வெளியே வருவதுபோல் வந்தது. அதோடு சத்தமும் மாறியது. டக் என்றது, ட-க் என்று இரண்டாகப் பிரிந்தது. 4-க்கு வந்தபோது இரண்டு சத்தத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடலாம் போலிருந்தது. படம் வெளிச்சமாக இருந்தது. ஆனால் பச்சையம்மாளுக்கு நெற்றியில் இரண்டு பொட்டு, முகத்தைச் சுற்றி முகத்தின் நிழல்.

எண் குறைந்தால் கேமரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அதிக நேரம் திறந்திருந்தால் கை ஆடுவதும் ஆள் ஆடுவதும் சேர்ந்து உள்ளே போய்விடுகிறது. அமிர்தத்தை இதில் எடுத்தால் நான்கு வாய் இருக்கும்.

அடுத்தது 8. அதை மாற்றச் சக்கரத்தோடு இன்னொரு பொத்தானையும் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சிறிது நேரம் போயிற்று. 5.6, 4, 2.8, 1.8. இதுவும் குறையக் குறைய வெளிச்சம் ஏறியது. 1.8 வந்ததும் முதல் எண்ணை 60-க்கு ஏற்றியே எடுக்க முடிந்தது. ஆட்டம் இல்லை. பொத்தானை அழுத்தித் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூக்குத்தி முனை முனையாகத் தெளிந்திருந்தது. காது இரண்டும் பஞ்சுபோல் கரைந்திருந்தன. ஏழு வருஷமாகக் காது காது என்று கத்தியவளுக்கு அது ஒப்பவில்லை. இந்த எண் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதைச் சொல்கிறது. அகலத் திறந்தால் ஒரு இடம்தான் தெளிவு. முன்னும் பின்னும் மங்குகிறது. மூன்று வரிசையாக நிற்பவர்களை எப்படி எடுப்பது?

இரண்டாவது டேப்பைப் பிய்த்தாள். முதல் இரண்டையும் 60, 8 என்று வைத்துவிட்டு மூன்றாவது எண்ணான ஐ.எஸ்.ஓ.வை 100-ல் இருந்து 1600-க்கு ஏற்றினாள். வெளிச்சம் வந்தது. ஆடவில்லை. காதும் தெளிவு. சந்தோஷத்தோடு பெரிதாக்கினாள். கன்னம் முழுக்க ரவை தூவியதுபோல் இருந்தது. கறுப்பு முடியில் நீலமும் சிவப்புமாகப் பொடி. புள்ளி புள்ளியாகப் போனதென்றுதான் செல்லில் எடுத்த படத்தைத் திருப்பினார்கள்.

"இன்னாம்மா, ஆவுதா?" என்றாள் பச்சையம்மாள்.

"ஆவுதுக்கா. கொஞ்சம் இருங்க."

மூன்று படத்தையும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். மூன்றிலும் வெளிச்சம் ஒன்றேதான். மூன்று பொத்தானும் ஒரே வேலையைச் செய்தன. ஒன்று ஆட்டத்தைக் கொடுத்தது, ஒன்று மங்கலைக் கொடுத்தது, ஒன்று ரவையைக் கொடுத்தது. ஜெராக்ஸ் மெஷினில் கறுப்பு ஏற்றவும் இறக்கவும் ஒரே பொத்தான்தான். இங்கே எதைக் கெடுத்துக்கொள்வது என்று ஆள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

கேமராவை மறுபடி கண்ணில் வைத்தபோதுதான் அதைப் பார்த்தாள். முள் நடுவில், சைபருக்கு மேலே, துடிக்காமல் நின்றது. எண்களை மாற்றி 1.8-க்குப் போனாள். அதற்கேற்ற 60 வந்ததும் முள் நடுவுக்கு வந்தது. ஆட்டம் கண்ட 4-க்குப் போனாள். அங்கும் நடு. 125, 8, 100 என்று பழையபடி வைத்தாள். முள் இடதோரத்துக்கு ஓடித் துடித்தது.

அப்படியென்றால் இந்த ஏழு வருஷமும் அது இருட்டு, இருட்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு படம் எப்படி வந்தது? கடையை மனதுக்குள் கொண்டுவந்தாள். ஸ்டூல். டியூப் லைட். இரண்டு குடைகள். அழுத்துகிற அந்தக் கணத்தில்தான் விளக்கு வெட்டும். முள்ளோ அதற்கு முன்னால், டியூப் லைட்டில் இருக்கும் அறையைப் பார்த்துச் சொல்கிறது. வரப்போகும் வெளிச்சம் அதற்குத் தெரியாது. பாவம், தெரிந்த வரைக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பைரோஸ் குடை விளக்குக்காக வைத்த எண்களைக் குடை இல்லாத மலைக்குச் சுமந்துகொண்டு வந்தவள் அவள்தான்.

வெளியே ஓடினாள். வெயிலில் கேமராவை நீட்டினாள். முள் வலதோரம். இங்கே வெளிச்சம் ஜாஸ்தி என்கிறது. உள்ளே கம்மி என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும். பலா மரத்தடிக்குப் போனாள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில், ஆளின் கன்னத்தில் ஒன்று நெற்றியில் ஒன்று என்று வட்ட வட்டமாகத் திட்டுப் போட்டது. அது ஆகாது. ஷெட்டைச் சுற்றி வந்தாள். வடக்குப் பக்கச் சுவரை ஒட்டி ஒரே சீரான நிழல் கிடந்தது. நான்கு முழ அகலம் இருக்கும். சூரியன் உச்சிக்குப் போகப்போக அதுவும் ஒடுங்கிக்கொண்டிருந்தது.

"துணிய அவுத்துக்கினு இந்தப் பக்கம் வாங்க. மூட்டையையும் தூக்கியாங்க. சீக்கிரம்!"

"வெளியில வெளிச்சம் சரியில்லன்னு இப்பதான உள்ள போனோம்," என்றாள் அமிர்தம். ஆனால் மூட்டையின் ஒரு முனையை அவள்தான் தூக்கினாள்.

முதல் ஆளாக மறுபடி பச்சையம்மாள். 125-ஐ அப்படியே விட்டாள், ஆடாமல் இருப்பதற்கு. 100-ஐயும் விட்டாள், ரவை வராமல் இருப்பதற்கு. ஒற்றை ஆள்தானே என்று 8-ஐ மட்டும் குறைத்துக்கொண்டே வந்தாள். 5.6-க்கு ஒரு பல் முன்பே முள் நடுவுக்கு வந்துவிட்டது. எடுத்தாள். வெயில் வெளிச்சத்தில் திரை தெரியவில்லை. துப்பட்டாவைத் தலையோடு இழுத்துக் கேமராவின் மேல் கவிழ்த்துக்கொண்டு அந்தக் கூடாரத்துக்குள் பார்த்தாள். துணி நன்றாக இருந்தது. முகம்தான் களையில்லாமல், சோர்ந்து இருந்தது. வெள்ளைத் துணி அத்தனையையும் பார்த்து முள் ஏமாந்திருக்கிறது. அதற்குத் துணியும் ஒன்றுதான் முகமும் ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் குறைத்து 5.6-க்கு வந்தாள். முள் சைபரைத் தாண்டி வலப்பக்கம் போனது. போகட்டும் என்று அழுத்தினாள்.

கூடாரத்துக்குள் பச்சையம்மாள் அவளைப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம், புருவத்தில் ஒரு தழும்பு, இரண்டு காது.

"காட்டும்மா," என்று பச்சையம்மாளே தலையைத் துப்பட்டாவுக்குள் நுழைத்தாள். திரையில் தன் புருவத்தை விரலால் தொட்டாள். பிறகு, "தழும்பு தெரியுது," என்றாள்.

"அழிச்சிடலாங்க்கா, கம்ப்யூட்டர்ல."

"வாணாம். அது நான்தான்னு அடையாளத்துக்கு."

அதற்குப் பிறகு வேகமாகப் போயிற்று. நிழல் ஒடுங்கினாலும் அதன் வெளிச்சம் மாறவில்லை என்பதால் எண்களையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. குடகுக்குப் போகிற ஒன்பது பேரை முதலில் எடுத்தாள். பதினேழாவது ஆள் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே கால். கடைசி ஆள் எழுந்தபோது கீழ்வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"மூணு வரிசை! உசரமானவங்க பின்னால செவுத்த ஒட்டி. நடுவுல முட்டி போடுங்க. முன்னால உக்காருங்க, கால மடக்கிக்கோங்க, வெயில்ல நீட்டாதீங்க!"

நிழல் இப்போது மூன்று முழம்கூட இல்லை. மூன்று வரிசையும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. ரிஹானா வெயிலில் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். எல்லோரும் கேமராவின் கட்டத்துக்குள் வர இருபது அடிக்கு மேல் போக வேண்டியிருந்தது. இப்போது துணி இல்லை, பச்சைச் சேலைகள்தான். மூன்று வரிசையும் தெளிவாக வேண்டும். 8-க்கு ஏற்றினாள். முள் இடப்பக்கம் இறங்கியது. பஸ் நெருங்கிவிட்டது. ஆட்கள் அசைவார்கள். 125-ஐத் தொடக்கூடாது. ஐ.எஸ்.ஓ.வை ஒரே ஒரு படி, 200. அந்த அளவு ரவை கண்ணுக்குத் தெரியாது என்று நம்பினாள். முள் நடுவில் நின்றது.

டக்.

"இன்னொன்னு. கண்ண மூடாதீங்க."

பஸ் ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது. இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

"இங்க பாருங்க! இங்க, இங்க!"

"ஏய், வண்டிய நிறுத்துடா டேய், படம் புடிக்கறாங்க!" என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே அமிர்தம் கத்தினாள். இருபத்தோரு பேரும் சிரித்துவிட்டார்கள். ரிஹானா அழுத்தினாள். அதே வேகத்தில் இன்னொரு தடவையும் அழுத்தினாள்.

ஒன்பது பேரும் எழுந்து மூட்டைகளை நோக்கி ஓடினார்கள். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பார்த்தபோது பஸ் கிளம்பிவிட்டிருந்தது. முதல் படத்தில் இருவர் கண்ணை மூடியிருந்தார்கள். இரண்டாவதில் அமிர்தம் தலை முழுதும் ரோட்டுப் பக்கம் இருந்தது. மூன்றாவதில் எல்லோரும் இருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணினாள். இருபத்திரண்டு. அமிர்தம் வாயைத் திறந்தபடி இருந்தாள். ஆனால் ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் நல்ல படங்களை எல்லாம் சந்தைக்காரர்களுக்கு மெயிலில் அனுப்பினாள். பதினொரு மணிக்குப் பச்சையம்மாள் கூப்பிட்டாள். பேனருக்குப் படம் போதும், அட்டைப் படம் எல்லாமும் சரி என்று சொன்னார்களாம். "அமிர்தம் வாய மூடி ஒண்ணு இல்லியான்னு கேட்டாங்க. அவ பொறந்ததுலேந்தே இல்லன்னுட்டேன்," என்றாள்.

மதியம் பைரோஸ் வந்தான். இரண்டு நாள் தூங்காத கண். கல்யாணப் படங்களை இறக்க வேண்டும் என்று நேரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவன், மேஜை மேல் இருந்த பழைய கேமராவைப் பார்த்தான். கையில் எடுத்தான். டேப் இருந்த இடங்களைக் கட்டைவிரலால் தடவினான். பசை இன்னும் ஒட்டியது. திரையில் நேற்றைய தேதியில் இருந்த ஃபோல்டரைத் திறந்தான்.

அந்த இருபத்திரண்டு கறுப்புப் படங்களையும் அவள் அழித்திருக்கவில்லை. அழிக்கலாம் என்று காலையில் தோன்றியது. ஏனோ செய்யவில்லை.

பைரோஸ் அம்புக்குறியை அழுத்தினான். கறுப்பு. அழுத்தினான். கறுப்பு. அவள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றாள். கீபோர்டு தட்டும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டுக்குப் பிறகு புகைக்குள் இருந்து பச்சையம்மாள் வந்தாள். இரண்டு பொட்டோடு வந்தாள், பஞ்சுக் காதோடு வந்தாள், ரவைக் கன்னத்தோடு வந்தாள். கடைசியில் தழும்போடு வந்தாள். பைரோஸின் விரல் அங்கே நின்றது. பிறகு மெதுவாக ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்து நின்ற படத்தில் முடித்தான். பின்வரிசையைப் பெரிதாக்கினான். நடுவரிசையை. முன்வரிசையை.

"இருட்டு ஷெட்டுக்குள்ள இன்னாத்துக்குப் போன?" என்றான்.

"முள் எடதுபக்கம் இருந்தாதான் சரின்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. இங்க எப்பவும் அங்கதான இருக்கும்."

அவன் சிரிக்கப்போகிறான் என்று காத்திருந்தாள். சிரிப்பு வாய்வரை வந்தது. அவளைப் பார்த்ததும் அது திரும்பிப் போயிற்று.

"நான் சொல்லல இல்ல," என்றான்.

"நானும் கேக்கல."

தெருவில் ஷேர் ஆட்டோக்காரன் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"முன்வரிசையில ஓரமா உக்காந்துக்கீற அம்மாவோட முட்டியில வெயில் பட்டு வெள்ளையடிச்சிருக்கு," என்றான் பைரோஸ்.

"தெரியும். நெழலு அவ்ளோதான் இருந்துச்சு."

"சரி."

வாசலில் யாரோ செருப்பை விட்டார்கள். காலேஜ் விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும் என்று நைனார்பாளையத்தில் இருந்து வந்த ஒரு பெண். அபிநயா என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. ரிஹானா அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, களமருதூரில் இருந்து திரும்பிய குடை விளக்குகளை இரண்டு பக்கமும் நிறுத்தினாள். நேற்று 200-ல் விட்ட எண்ணை 100-க்கு இறக்கினாள். மற்ற இரண்டும் கடையின் எண்ணிலேயே இருந்தன. மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பைரோஸ் கையில் கறுப்பு டேப் உருளை இருந்தது. கொஞ்ச நேரம் அதை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, களமருதூர்ப் பையில் அறுந்திருந்த ஒரு கைப்பிடியைச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தான்.

"காது ரெண்டும் தெரியணும்," என்றாள் ரிஹானா.

கண்ணை வைத்தாள். முள் இடதோரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. அது துடிக்கட்டும் என்று அழுத்தினாள். இரண்டு குடைகளும் வெட்டின.